பிரான்சின் தாம்சன் கம்ப்யூட்டர்களுக்கு என்ன ஆனது?

கேள்வி இதுதான்: "1980களின் வீட்டுக் கம்ப்யூட்டர் என்றாலே பிரிட்டனின் சின்க்ளேர், அமெரிக்காவின் கமடோர், ஆப்பிள் என்றுதான் பேசுகிறார்கள். பிரான்ஸ் ஒன்றுமே செய்யவில்லையா? தாம்சன் என்று ஒரு பெயர் கேள்விப்பட்டேன். அது டிவி கம்பெனி இல்லையா?"

அதே டிவி கம்பெனிதான். டிவி கம்பெனி செய்த கம்ப்யூட்டர் என்பது இந்தக் கதையில் பாதி. அதை வாங்கியது யார் என்பது மீதிப் பாதி. வாங்கியவர்களில் பெரிய வாடிக்கையாளர் எந்தக் குடும்பமும் இல்லை, பிரெஞ்சு அரசு. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொண்டால் அந்த மெஷின்களின் நல்லது கெட்டது எல்லாம் விளங்கிவிடும்.

முதலில் காலத்தைச் சொல்லிவிடுகிறேன். 1981-ல் இடதுசாரித் தலைவர் மித்தரான் ஜனாதிபதி ஆகிறார். 1982 பிப்ரவரியில் தாம்சன் உட்படப் பல பெரிய தொழில் குழுமங்கள் நாட்டுடைமை ஆகின்றன. அந்த வருடக் கடைசியில் தாம்சன் டிஓ7 கடைக்கு வருகிறது. ஆக, பிரான்சின் பெயர் பெற்ற வீட்டுக் கம்ப்யூட்டர் வரிசை பிறக்கும்போதே அரசுக் கம்பெனியின் பிள்ளை.

டிஓ7-ஐ வெறும் பட்டியலாகப் பார்த்தால் சுமார்தான். 1 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் 6809 சிப். புரோகிராம் எழுதுபவருக்கு 8 கேபி மெமரி. கீபோர்டு தட்டையான பிளாஸ்டிக் தகடு, அழுத்தினால் விரலுக்கு எந்த உணர்ச்சியும் வராது. புரோகிராம் எழுத உதவும் எளிய மொழியான பேசிக்கூட உள்ளே கிடையாது. தனியாக ஒரு கார்ட்ரிட்ஜ் வாங்கி, சின்ன மூடியைத் திறந்து சொருகினால்தான் வரும். அந்த பேசிக்கை எழுதியது மைக்ரோசாஃப்ட். தேசியப் பெருமை என்று விற்ற மெஷின் வாய் திறந்தால் அமெரிக்கக் குரல் என்று அப்போதே கிண்டல் செய்திருப்பார்கள். ஆனால் அந்தக் காலத்தில் பாதி உலகம் அதே குரலில்தான் பேசியது.

6809 ஏன் என்று கேட்டால், அது அன்றைய 8-பிட் சிப்களில் மிகச் சுத்தமான வடிவமைப்பு. சிப்பின் சொந்த மொழிக்கு மிக நெருக்கமான அசெம்பிளியில் எழுதியவர்கள் இன்றைக்கும் அதைப் பற்றி ஆசையாகப் பேசுவார்கள். மோட்டரோலாவின் படைப்பு என்றாலும், உரிமம் பெற்றுத் தாம்சனின் சிப் பிரிவும் அதைத் தயாரித்தது. சொந்தத் தோட்டத்துக் காய் இருக்கும்போது சந்தைக்கு எதற்குப் போக வேண்டும் என்ற கணக்கு. தப்பில்லை.

சரி, டிவிக்கு வருவோம். பிரான்சின் கலர் ஒளிபரப்பு முறை சீகாம். அக்கம்பக்கத்து நாடுகளின் பால் முறைக்குச் செய்த பிரிட்டிஷ் கம்ப்யூட்டரை அப்படியே கொண்டுவந்து பிரெஞ்சு டிவியின் ஆன்டெனாத் துளையில் மாட்டினால் ஒழுங்கான கலர் வராது. அதே சமயம் பிரான்சில் இன்னொன்று நடந்திருந்தது. 1980 முதல் புதிய டிவிகளில் பெரிடெல் என்ற 21 பின் சாக்கெட் கட்டாயம் ஆகிவிட்டது. பிற்பாடு ஐரோப்பா முழுவதும் ஸ்கார்ட் என்ற பெயரில் பரவியது அதுதான். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக நேரே படக்குழாய்க்கு அனுப்பலாம் என்பது அதன் சிறப்பு. தாம்சன் தன் கம்ப்யூட்டர்களை இந்த சாக்கெட்டை நம்பியே செய்தது. மற்ற நாட்டுப் பிள்ளைகள் ஆன்டெனா வழியே வரும் மங்கலான, நடுங்கும் எழுத்தைப் பார்த்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த காலத்தில் பிரெஞ்சு வீட்டில் எழுத்து கூர்மையாக நின்றது. டிவி கம்பெனிக்கு டிவியைப் பற்றித் தெரியாமல் இருக்குமா?

தெரிந்ததால் வந்த இன்னொரு பொருள்தான் ஒளிப்பேனா. டிஓ7-இன் உடம்பிலேயே அதற்கென்று ஓர் இடம் உண்டு. பேனாவை எடுத்துத் திரையில் வைத்தால், வைத்த இடம் கம்ப்யூட்டருக்குத் தெரியும். மவுஸ் என்ற சொல்லே வீடுகளுக்கு வராத 1982-ல் இது சின்ன மாயம்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. பழைய படக்குழாய் டிவியில் முழுப் படமும் ஒரே நேரத்தில் தெரிவதில்லை. ஓர் எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, வரி வரியாக ஓடித் திரையைத் தீட்டுகிறது, நொடிக்கு 50 முறை. பேனாவின் முனையில் வெளிச்சத்தை உணரும் ஒரு சிறு பாகம் இருக்கிறது. கற்றை அந்த இடத்தைக் கடக்கும் கணத்தில் அது ஒரு துடிப்பை அனுப்பும். படம் தொடங்கி எவ்வளவு நேரம் கழித்துத் துடிப்பு வந்தது என்று கம்ப்யூட்டர் பார்க்கும். நேரம் தெரிந்தால் வரி தெரியும், வரியில் எங்கே என்பதும் தெரியும். அவ்வளவுதான். இதில் ஒரு சிக்கல் உண்டு. பேனாவின் கீழே கருப்பு இருந்தால் துடிப்பே வராது, ஏனென்றால் அங்கே வெளிச்சம் இல்லை. அதனால் தாம்சன் புரோகிராம்களில் பொத்தான்களும் பின்னணியும் வெளிர் நிறத்தில் இருப்பதை அடிக்கடி பார்க்கலாம். ஒவ்வொரு டிவியிலும் சிறு தாமதம் வேறுபடும் என்பதால், முதலில் பேனாவைக் குறிப்பிட்ட இடத்தில் வைத்துச் சரிபார்க்க பேசிக்கில் ட்யூன் என்றொரு கட்டளையே இருந்தது. பேனா இருக்கும் இடத்தைப் படிக்க இன்புட்பென். ஆறேழு வயதுப் பிள்ளைக்குக் கீபோர்டில் எழுத்தைத் தேடுவது பெரும்பாடு. திரையில் தெரியும் பூனையைத் தொடு என்றால் தொட்டுவிடும். பள்ளிகளுக்கு இந்த மெஷின் பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

1984-ல் எம்ஓ5 வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் வாயில் இது 'எம்ஓ சாங்க்', சாங்க் என்றால் ஐந்து. நாற்பது ஐம்பது வயதைத் தாண்டிய பிரெஞ்சுக்காரரிடம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். விலை 2,390 பிராங்க். 48 கேபி மெமரி, பேசிக் உள்ளேயே இருந்தது, 16 நிறம், அழிரப்பர் போன்ற சாவிகள் கொண்ட கீபோர்டு. சாவிகளின் வரிசை அசெர்ட்டி, அதாவது பிரெஞ்சுக் கீபோர்டுகளின் வழக்கமான எழுத்து வரிசை. பிரெஞ்சு எழுத்துகளின் தலைக்குறிகளுக்கென்று தனிச் சாவி. பாட்டு வாசிக்கும் பிளே கட்டளைக்கு ஆங்கில முறையில் சி, டி, ஈ என்று எழுத வேண்டாம். தோ, ரே, மீ, ஃபா என்று பள்ளியில் பாடுவது போலவே எழுதலாம். இந்தச் சின்ன விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இந்த மெஷின் யாருக்காகச் செய்யப்பட்டது என்பதை விளம்பரத்தைவிட இது தெளிவாகச் சொல்கிறது.

அதே வருடம் டிஓ7-ஐ மேம்படுத்தி டிஓ7/70 என்று ஒன்றையும் விட்டார்கள். தாம்சன் தன் காலில் தானே கட்டையைப் போட்டுக்கொண்டது இங்கேதான். எம்ஓ குடும்பமும் டிஓ குடும்பமும் ஒரே சிப், ஏறக்குறைய ஒரே திரை. ஆனால் ஒன்றின் புரோகிராம் மற்றொன்றில் ஓடாது. மெமரியில் எது எங்கே இருக்கிறது என்பதே வேறு. புரோகிராம்களைக் கேசட்டில் பதியும் முறையும் வேறு. டிஓ-வுக்கு நொடிக்கு 900 பிட், எம்ஓ-வுக்கு 1,200. ஒரே கடையில், ஒரே கம்பெனிப் பெயரில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பெட்டிகளுக்கு இரண்டு தனிக் கேசட். கேம் எழுதும் சின்னக் கம்பெனிக்கு இது இரட்டைச் செலவு. அண்ணன் தம்பிக்குள் சட்டை மாற்றிப் போட முடியாத குடும்பம்.

இனி படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாம்சன் கேம்களின் தோற்றத்துக்கும் அவற்றின் நிதானத்துக்கும் காரணம் ஒரே முடிவு. திரை 320 புள்ளி அகலம், 200 வரி. ஒவ்வொரு வரியையும் எட்டெட்டுப் புள்ளிகளாக 40 துண்டு போட்டார்கள். ஒரு துண்டுக்கு ஒரு பைட் உருவத்தைச் சொல்லும்: எந்தப் புள்ளி எழுத்து, எது பின்னணி. இன்னொரு பைட் நிறத்தைச் சொல்லும்: எழுத்துக்கு என்ன நிறம், பின்னணிக்கு என்ன நிறம். அதாவது பக்கத்துப் பக்கத்தில் உள்ள எட்டுப் புள்ளிகளுக்குள் இரண்டே நிறம்தான் வரலாம். பிரெஞ்சுக்காரர்கள் இதை 'அருகாமைக் கட்டுப்பாடு' என்ற பொருளில் ஒரு பெயர் சொல்லி அழைப்பார்கள்.

சின்க்ளேர் ஸ்பெக்ட்ரத்தில் இதே கட்டுப்பாடு 8-க்கு 8 கட்டமாக இருந்தது. அங்கே 64 புள்ளிக்கு இரண்டு நிறம். தாம்சனில் 8 புள்ளிக்கே இரண்டு நிறம் என்பதால் மேலும் கீழுமாக நிறத்தை விருப்பம்போல் மாற்றலாம். அசையாத படம் வரைந்தால் தாம்சன் ஜெயிக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் கணக்குப் போடுங்கள். ஸ்பெக்ட்ரத்தின் முழுத் திரைக்கு 6,912 பைட். தாம்சனுக்கு 8,000 உருவம், 8,000 நிறம், மொத்தம் 16,000. இரண்டு மடங்குக்கும் மேல். போதாததற்கு, உருவ மெமரியும் நிற மெமரியும் ஒரே முகவரியில் உட்கார்ந்திருக்கும். சுவிட்ச் போன்ற ஒரு பிட்டைத் திருப்பிவிட்டால் உருவம் தெரியும், மறுபடி திருப்பினால் நிறம். கேமில் வரும் ஒரு பொம்மையை நகர்த்த உருவத்தை எழுது, பிட்டைத் திருப்பு, நிறத்தை எழுது, மறுபடி திருப்பு. கமடோர் 64-இல் பொம்மைகளை நகர்த்துவதற்கென்றே தனி ஹார்டுவேர் இருந்தது. இங்கே அப்படி எதுவும் கிடையாது, எல்லாச் சுமையும் 1 மெகாஹெர்ட்ஸ் சிப்பின் தலையில். இன்றைய கம்ப்யூட்டரைப் பழைய மெஷின் போல நடிக்கவைக்கும் எமுலேட்டரில் ஓட்டிப் பார்த்தால் இன்றைக்கும் தெரியும்: துள்ளிக் குதிக்கும் கேம்களில் மூச்சு வாங்குகிறது. யோசித்து விளையாடும் சாகசக் கதைகளிலும் வரைபடங்களிலும் அழகாக நிற்கிறது.

ஒலியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அடிப்படை மெஷினில் இருந்தது 1 பிட் பீப் சத்தம். ஜாய்ஸ்டிக்கும் கொஞ்சம் நல்ல ஒலியும் வேண்டும் என்றால் தனிப் பெட்டி வாங்க வேண்டும். விளையாட்டு என்பது இவர்களுக்கு முதல் கவலை இல்லை என்பது அதிலேயே தெரிகிறது.

இருந்தாலும் இந்தக் கம்ப்யூட்டர்களைச் சுற்றி ஒரு கேம் தொழில் முளைத்தது. டிஓ7 அறிமுகத்தில் வேலை செய்த புரூனோ போனெல், நண்பர் ஒருவருடன் சேர்ந்து 1983-ல் லியோன் பக்கத்தில் இன்ஃபோகிராம்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். பின்னாளில் அட்டாரி என்ற பெயரையே விலைக்கு வாங்கியது இந்தக் கம்பெனிதான்.

அப்புறம் பள்ளிகள்.

பிரான்சில் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் கொண்டுபோவது 1985-ல் திடீரென்று தோன்றிய ஆசை இல்லை. 1970களிலேயே 58 மேல்நிலைப் பள்ளிகளில் பெரிய மினி கம்ப்யூட்டர்களை வைத்துச் சோதனை நடந்தது. அதற்கென்று எல்எஸ்ஈ என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள், கட்டளை எல்லாம் பிரெஞ்சில். 'இஃப்' என்பதற்கு 'ஸி', 'ரீட்' என்பதற்கு 'லீர்'. தாய்மொழியில் புரோகிராம் எழுத முடியுமா என்று நம்மில் பலர் இன்றும் விவாதிக்கிறோம். அவர்கள் அதை வகுப்பறையில் செய்தே பார்த்துவிட்டார்கள்.

1985 ஜனவரி 25 அன்று பிரதமர் லோரான் ஃபாபியுஸ், அப்போது அவருக்கு வயது 38, 'எல்லோருக்கும் கணினி' என்ற திட்டத்தை அறிவித்தார். 50,000 பள்ளிகளில் 120,000 மெஷின்கள், 110,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சி, நாட்டின் 1 கோடியே 10 லட்சம் மாணவர்களுக்கும் அறிமுகம், செலவு 180 கோடி பிராங்க். அதுவும் அந்த வருடத்துக்குள்ளாகவே. திட்டத்தை முன்னின்று நடத்தியவர் ஜில்பேர் திரிகானோ. கிளப் மெடிடெரேனி என்ற விடுமுறைக் கிராம நிறுவனத்தை வளர்த்த அதே மனிதர். பள்ளி நேரம் முடிந்த பிறகு ஊர்க்காரர்களும் வந்து பழகலாம் என்பதும் திட்டத்தில் இருந்தது.

எந்த மெஷினை வாங்குவது என்பதில்தான் சண்டை. பத்திரிகையாளரும் அரசியல்வாதியுமான ழான்-ழாக் செர்வான்-ஷ்ரைபர், 1981-ல் பாரிஸில் உலகக் கணினி மையம் என்று ஒன்றை அரசுப் பணத்தில் தொடங்கியிருந்தார். எம்ஐடியின் நிக்கோலஸ் நெக்ரோபான்டியும், பிள்ளைகளுக்கான லோகோ நிரல்மொழியின் சீமோர் பேப்பர்டும் அங்கே வந்தார்கள், அதிக காலம் நிற்கவில்லை. செர்வான்-ஷ்ரைபரின் விருப்பம் ஆப்பிள் மக்கின்டோஷ். அதைப் பிரான்சிலேயே தயாரிக்க வைக்கலாம் என்று வாதாடினார். அரசு தாம்சனையே தேர்ந்தெடுத்தது. நாட்டுடைமையான கம்பெனி, உள்ளூர் வேலைவாய்ப்பு, எல்லோரும் கட்டிய வரிப்பணம். ஒரு மந்திரி வேறு எந்த முடிவை எடுத்திருப்பார்? மக்கின்டோஷை வாங்கியிருக்கலாமே என்று இன்று சொல்வது எளிது. அன்றைய விலைக்கு அதை இத்தனை பள்ளிகளுக்கு வாங்கியிருக்க முடியாது என்பது என் கருத்து.

பள்ளிகளில் இந்த மெஷின்கள் இருந்த விதம் சுவாரசியமானது. சிறிய பள்ளிக்குத் தனி மெஷின். பெரிய பள்ளிக்கு 'நானோரெசோ', அதாவது குட்டி நெட்வொர்க். லீல் பல்கலைக்கழகத்தில் உருவானது. நடுவில் ஒரு பிசி வகைக் கம்ப்யூட்டர் சர்வர். அவை பியூல், கூபில், லேயானோர் போன்ற பிரெஞ்சுக் கம்பெனிகளின் தயாரிப்பு. அதைச் சுற்றி 31 வரை எம்ஓ5 அல்லது டிஓ7/70. பிள்ளைகளின் மெஷினில் டிஸ்க் கிடையாது, எல்லாம் சர்வரிலிருந்து கம்பி வழியே வரும், நொடிக்கு 500 கிலோபிட் வேகத்தில். பிரிண்டரும் பொது. 1985-ல் பள்ளிக்கூடத்தில் லோக்கல் நெட்வொர்க் என்பது சாதாரண விஷயமில்லை. இந்த வரிசையில் தொழில்நுட்பமாக என்னை அசத்துவது எது என்று கேட்டால் ஒளிப்பேனாவைவிட இதைத்தான் சொல்வேன்.

அந்த அறையில் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? பலர் லோகோவில் ஆமை ஓட்டினார்கள், அதாவது கட்டளை கொடுத்துத் திரையில் கோடு போடும் ஓர் 'ஆமை'யை நகர்த்தினார்கள். பிரெஞ்சு லோகோவில் 'அவான்ஸ் 50' என்றால் ஆமை 50 அடி முன்னே போகும். வலப்பக்கம் 90 பாகை திரும்பு என்று சேர்த்து, 'ரெப்பெத் 4' என்று முன்னால் போட்டால் ஒரு சதுரம். ஒரு மெஷின் முன்னால் இரண்டு மூன்று பேர். நாடு முழுவதற்கும் கணக்குப் பார்த்தால் ஒரு மெஷினுக்கு 90 மாணவர்களுக்கு மேல் வரும். வாரத்தில் ஒரு மாணவருக்கு எத்தனை நிமிடம் கிடைத்திருக்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஆசிரியர்களுக்குக் குறுகிய பயிற்சி, அதுவும் பெரும்பாலும் விடுமுறையில். ஆர்வமுள்ள ஆசிரியர் கிடைத்த பள்ளியில் திட்டம் பிரமாதமாக ஓடியது. கிடைக்காத பள்ளியில் அறை பூட்டியே இருந்தது. 1986 மார்ச் தேர்தலில் இடதுசாரிகள் தோற்று, ஷிராக் பிரதமர் ஆனதும் திட்டத்தின் பின்னால் இருந்த தள்ளுவிசை நின்றுபோனது. பெட்டிகள் பள்ளிகளில் இருந்தன, அவற்றுக்கு அடுத்து என்ன என்று கேட்க ஆளில்லை.

தாம்சனின் வீட்டுச் சந்தை அதற்குள் கைநழுவத் தொடங்கியிருந்தது. பள்ளியில் பிள்ளை பார்த்த மெஷினையே வீட்டுக்கும் வாங்குவார்கள் என்பது கணக்கு. ஓரளவு வாங்கவும் செய்தார்கள். ஆனால் பிரிட்டனின் ஆம்ஸ்ட்ராட் மானிட்டர், கேசட் டிரைவ், கீபோர்டு எல்லாம் ஒரே விலையில் கட்டிக் கொடுத்தது. வீட்டு டிவியைப் பிள்ளையிடமிருந்து மீட்க நினைத்த அப்பாக்களுக்கு அது வரப்பிரசாதம். பிரான்ஸ் ஆம்ஸ்ட்ராட்டின் மிகப் பெரிய சந்தைகளில் ஒன்றானது. இன்னொன்றும் உண்டு, இதை யாரும் வெளிப்படையாகச் சொல்லமாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் இருக்கும் பொருளை வீட்டிலும் வைத்து விளையாட எந்தப் பிள்ளைக்கு ஆசை வரும்?

தாம்சன் சும்மா இருக்கவில்லை. 1985-ல் டிஓ9: தனிக் கீபோர்டு, 3.5 அங்குல ஃப்ளாப்பி, 4,096 நிறங்களிலிருந்து 16-ஐத் தேர்ந்தெடுக்கும் வசதி. 1986-ல் எம்ஓ6, டிஓ8, டிஓ9+ மூன்றும் வந்தன. டிஓ8-இல் 256 கேபி மெமரி. பக்கத்துப் பக்கப் புள்ளிகளுக்கும் விருப்பம்போல் நிறம் கொடுக்கும் ஒரு முறையும் வந்து, பழைய கட்டுப்பாட்டுக்கு வழி பிறந்தது. எம்ஓ6 இத்தாலியில் ஒலிவெட்டி பெயரில் விற்றது. மினிடெல் என்ற, தொலைபேசி வழியே இயங்கிய பிரெஞ்சுத் தகவல் சேவைகளோடு பேச டிஓ9+ உள்ளேயே மோடம் வைத்திருந்தது. என் கணிப்பில் டிஓ8 இந்த வரிசையின் ஆகச் சிறந்த மெஷின். பாவம், அது வந்த நேரத்தில் கடையில் அட்டாரி எஸ்டியும், கொஞ்சம் கழித்து அமிகாவும் 16-பிட் சிப்போடு நின்றன. இன்னமும் 1 மெகாஹெர்ட்ஸ் 6809-ஐ வைத்துக்கொண்டு எவ்வளவு நாள் ஓட்ட முடியும்? 1987-ல் டிஓ16 என்று பிசிக்கு ஒத்த மெஷினையும் போட்டுப் பார்த்தார்கள். எல்லோரும் பிசி செய்யும் ஊரில் தாம்சன் பிசி எதற்கு என்று ஜனங்கள் கேட்டார்கள். 1980களின் முடிவோடு கடை மூடியது.

இப்போது பார்க்க ஆசை இருந்தால் டிசிமோட்டோ, தியோ என்று இலவச எமுலேட்டர்கள் இருக்கின்றன. எம்ஓ5-ஐ இயக்கினால் வெளிர் நீலத் திரையில் கருநீல எழுத்து வரும். பிளே போட்டு தோ, ரே, மீ கேட்டுப் பாருங்கள். பழைய சாமான் சந்தையில் உண்மையான மெஷினே வாங்கினால் ஒரு விஷயம்: இன்றைய தட்டை டிவியில் ஓடும் கற்றை கிடையாது, பேனா எதையும் பார்க்காது. பேனா வேண்டும் என்றால் கனமான பழைய படக்குழாய் டிவி ஒன்றையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். பின்னால் பெரிடெல் சாக்கெட் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.